வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சே, அப்புறம் ஏன் வயித்தால போகுது?

கேள்வி, ஜூன் 9, 2024

மதுரைக்குத் தெற்க எங்க பெரியப்பா ஊருக்குப் போயிருந்தேன். எல்லா வீட்டு வாசல்லயும் குழாய் நிக்குது, முக்காவாசி வீட்ல கக்கூஸ் இருக்கு. இனிமேலும் கிராமத்துல தண்ணியால நோவு வருதுன்னா அது அவங்கவங்க சுத்தபத்தமா இல்லாததுனாலதான? செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு குடுத்தாச்சுல்ல?

ஜூன் 9, ராத்திரி

அப்படி ஒரேயடியா சொல்லிராதீங்க. நான் திருமங்கலத்துல இருந்து பேரையூர் போற பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊர்க்காரன், மோட்டார் வைண்டிங், பைப் வேலை ரெண்டும் பாக்குறேன். எங்க வீட்லயும் குழாய் இருக்கு, கக்கூஸ் இருக்கு, சோப்பு போட்டுக் கை கழுவுற பழக்கமும் இருக்கு. போன மாசம் என் சின்ன மகளுக்கு, நாலு வயசு, ரெண்டு நாள் விடாம வயித்தால போச்சு, கண்ணு உள்ள போயிருச்சு, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு அப்படியே நிக்குது, அழுகுறதுக்குக் கூட கண்ணீர் வரல. ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு கரண்டி கரண்டியா விட்டுக்கிட்டே இருங்க, ஜிங்க் மாத்திரையை வயித்தால போறது நின்னாலும் 14 நாளைக்கு நிப்பாட்டாதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ராத்திரி பூரா நானும் என் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி உக்காந்து கரண்டியில குடுத்தோம். தேறிட்டா. அதே வாரம் ஊர்ல இன்னும் நாலு வீட்ல இதே கதை. அஞ்சு வீடும் சுத்தமில்லாத வீடுன்னு என் கண்ணு முன்னாடி வந்து சொல்லுங்க பாப்போம்.

ஜூன் 10

நேத்து கோவத்துல எழுதிட்டேன், கேட்டவர் மனசு நோகக் கூடாது. கேள்வி நியாயமான கேள்விதான், ஊர்ல பாதிப்பேரு இப்படித்தான் நினைக்கிறாங்க.

என் கணக்குப்படி தப்பு தொட்டியில இருக்கு. மேல்நிலைத் தொட்டிய மாசம் ரெண்டு தடவை கழுவணும், தண்ணி ஏத்துறப்பல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போடணும். எங்க ஊர்ல கழுவுன தேதிய தொட்டித் தூண்ல பெயிண்ட்ல எழுதுவாங்க, ஆனா எழுதுற அன்னைக்கு ஒருத்தரும் மேல ஏறி நான் பாத்ததில்ல. நாளைக்கு மோட்டார் ரூமுக்குப் போயி நாலு வார்த்தை கேக்கப்போறேன்.

ஜூன் 12

கேட்டேன். கேட்டுட்டு வந்ததுல இருந்து மனசு சரியில்ல.

தண்ணி திறந்து விடுறவரு எனக்கு சித்தப்பா முறை, அறுபது வயசு ஆகப்போகுது. ரூமுக்குள்ள ப்ளீச்சிங் பவுடர் மூட்டை வாய் கட்டாமக் கெடந்துச்சு, பாதி சிமெண்ட் மாதிரி கட்டி புடிச்சுப் போச்சு, பக்கத்துல தொங்குன பூட்டு கூட துருவேறி உதிருது. இந்த மாதிரி காத்துப்பட்ட பவுடர்ல குளோரின் பூராம் பறந்து போயிரும், எடை இருக்கும் வீரியம் இருக்காது. அதைக் காட்டி சத்தம் போட்டுட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லல, சட்டைய மாட்டிக்கிட்டு "வாப்பா, மேல ஏறிப் பாப்போம்"னாரு.

ஏறுனோம். 30,000 லிட்டர் தொட்டி, ஏணியில நடுவுல ரெண்டு கம்பி இல்ல, அந்த வயசுல மனுசன் கழுவுறதுக்குன்னு மாசம் ரெண்டு தடவை அதுல ஏறி இறங்குறாரு, அதுவும் விடியுறதுக்கு முன்னாடி, வெயில் வந்தா கம்பி சுடும்னு. அதான் நான் பாத்ததில்ல. மூடியத் திறந்து டார்ச் அடிச்சா தரை தெரியுது, பாசி இல்ல. பவுடரும் கட்டியத் தள்ளி வச்சுட்டு உதிரியா இருக்கிறதத்தான் எடுத்து வாளித் தண்ணியில கரைச்சு, தெளியவிட்டு, மேலாப்ல இருக்கிற தெளிவை மட்டும் ஊத்துறாரு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு அவருக்கு அத்துப்படி, போட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் திறந்து விடுவாரு.

ஜூன் 10ல நான் எழுதுனத நீங்க யாரும் நம்பாதீங்க. தொட்டி தப்பில்ல. அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். மூட்டைக்கு மட்டும் கடையில இருந்து மூடி போட்ட ட்ரம் ஒண்ணு கொண்டு போயி வச்சிருக்கேன்.

ஜூன் 12, பின்னாடி சேத்தது

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. குளோரின் இருக்கா இல்லையான்னு பாக்குற டப்பா அவர்கிட்ட இருக்கு, குளோரோஸ்கோப்னு சொல்லுவாங்க. குழாய்த் தண்ணிய ட்யூப்ல புடிச்சு சொட்டு மருந்து விட்டா மஞ்சளாகும், மஞ்சள் எவ்வளவுன்னு பக்கத்துல இருக்கிற கலரோட ஒப்பிட்டுப் பாக்கணும். கடைசிக் குழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். தொட்டிக்குக் கீழ இருக்கிற குழாயில நல்ல மஞ்சள் வந்துச்சு. எங்க வீட்டுக் குழாயில புடிச்சோம். தண்ணி மாதிரியே நிக்குது, மஞ்சளே ஏறல.

தொட்டியில இருந்த குளோரின் எங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள எங்க போச்சு? அழுக்கு கலந்தா குளோரின் அதை அடிச்சே தீந்து போகும். வழியில எங்கயோ கலக்குது.

ஜூன் 15

மகளிர் குழுவுல தண்ணி சோதிக்கப் பழகுன அக்கா ஒருத்தவங்க இருக்காங்க. வீட்டுக்கு வீடு குழாய் குடுக்குற ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்கு இந்தப் பயிற்சி குடுக்கணும்ங்கிறது ஏற்பாடு. அவங்ககிட்ட ஹெச்டூஎஸ் பாட்டில் ஆறு வாங்குனேன். சின்ன பாட்டில், உள்ள மருந்து இருக்கும், கோடு வரைக்கும் தண்ணி புடிச்சு மூடி வெயில் படாம வச்சிரணும். மலக்கிருமி வகையறா இருந்தா ஒரு நாள், ரெண்டு நாளைக்குள்ள கருப்பாயிரும். தொட்டிக்கடியில ஒண்ணு, மேலத்தெருவுல ரெண்டு, எங்க தெருவுல மூணு.

ஜூன் 17

தொட்டிக்கடி பாட்டில், மேலத்தெரு பாட்டில் ரெண்டு, மாறல. எங்க தெருவுல ஆரம்பத்துல இருக்கிற வீடும் மாறல. எங்க வீடும், எங்களுக்கு அடுத்த கடைசி வீடும் மை மாதிரி ஆகிப்போச்சு. வெயில் படாத ஜன்னல் ஓரத்துல வச்சிருந்தேன், காலைல எந்திரிச்சுப் பாத்ததும் என் வீட்டுக்காரி வாயில சேலைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. இதத்தான பிள்ளைக்குக் குடுத்தோம்னு.

இப்பத்தான் உரைக்குது, நோவு வந்த அஞ்சு வீடும் ஒரே தெரு, அதுவும் தெருவோட வால் பக்கம். மொத நாளே இதக் கவனிச்சிருந்தா சித்தப்பாகிட்ட சண்டை போட்டிருக்க மாட்டேன்.

இப்போதைக்கு அஞ்சு வீட்லயும் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கிறோம். கொதிக்க வச்சிட்டா எந்தத் தண்ணியும் நல்ல தண்ணி.

ஜூன் 18

மேல இருக்கிற கடைசி வரி தப்பு, ஒருத்தர் சுட்டிக் காட்டிட்டாரு, நன்றி. கொதிச்சா கிருமி சாகும், அவ்வளவுதான். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஒண்ணும் போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போனா கைக்குழந்தைக்கு ஆகாது, புட்டிப்பால் கலக்குற வீட்ல அந்தத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுத்தும் பிரயோஜனமில்ல. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கிற தண்ணிய வருசக்கணக்கா குடிச்சா பல்லு கறையாகும், அளவு ரொம்பக் கூடுனா எலும்பும் வளையும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதுக்காகவே ஒகேனக்கல்ல இருந்து காவிரித் தண்ணி கொண்டு வந்தாங்க, 2013ல அந்தத் திட்டம் திறந்தாங்க. அது கொதிக்க வச்சுத் தீர்ற பிரச்சனையா இருந்தா அவ்வளவு தூரம் பைப் போட்டிருக்க மாட்டாங்க.

ஜூன் 23

ஞாயித்துக்கிழமை. தோண்டிட்டோம். நான், சித்தப்பா, என் கடைப்பையன், தெருப் பயலுக ரெண்டு பேரு.

மெயின் பைப்ல இருந்து கடைசி அஞ்சு வீட்டுக்குப் போற லைன் சாக்கடைய ஒரு இடத்துல தாண்டுது. தாண்டுற இடத்துல ஜாயிண்ட் விட்டுப்போயி யாரோ எப்பவோ சைக்கிள் ட்யூபை வெட்டி சுத்தி, மேல கம்பியப் போட்டு முறுக்கி விட்டிருக்காங்க. ட்யூப் உப்பிப்போயி வெடிச்சுக் கெடக்கு. வால்வு திறந்திருக்கிற நேரம் அதுல இருந்து தண்ணி பீச்சுது, சாக்கடையில கலந்து போயிரும், ஒருத்தர் கண்ணுக்கும் படாது. வால்வை மூடுனதும் பைப் காலியாகும்ல, அப்ப பீச்சுனது நின்னு மெதுவா உள்ள இழுக்க ஆரம்பிக்குது. சித்தப்பா ஒரு வேப்ப இலைய அதுக்குப் பக்கத்துல சாக்கடைத் தண்ணி மேல போட்டாரு. இலை சுத்திச் சுத்தி வந்து அந்த ஓட்டையில போயி ஒட்டிக்கிச்சு. நாங்க ஆறு பேரும்... இல்ல, அஞ்சு பேரும், பேசாம அதையே பாத்துக்கிட்டு நின்னோம்.

எங்க ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி, ஒரு தெருவுக்கு முக்கா மணி நேரம். மத்த நேரம் பூராம் பைப் காலி. இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி நிறைஞ்சு அழுத்தத்தோட நிக்கிற பைப்புக்குள்ள வெளித்தண்ணி ஏறாது, எங்க மாதிரி விட்டு விட்டு வர்ற ஊர்லதான் இந்த ஆபத்து. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு திட்டத்துல சொல்லியிருக்கிற அளவு பாதிதான் வால் பக்கத்துக்கு வருது, அது வேற கதை.

ஜூன் 24

தூக்கம் வரல, அதனால இதையும் எழுதிர்றேன்.

காலி பைப் தானா இழுக்குறது கொஞ்சம்தான். வெடுக்குன்னு இழுக்குறது மோட்டார். வீட்டுக் குழாயில நேரா அரை ஹெச்பி மோட்டாரை மாட்டி உறிஞ்சுறாங்க, உறிஞ்சுனா பைப்புக்குள்ள வெற்றிடமாகும், எங்க ஓட்டை இருக்கோ அங்க இருந்து சாக்கடையச் சேத்து இழுக்கும். ஒரு வீடு மாட்டுனா அடுத்த வீட்டுக்குத் தண்ணி ஏறாது, அவனும் மாட்டுவான், கடைசி வீடு வரைக்கும் மாட்டிரும். எங்க தெருவுல ஏழு மோட்டார். ஏழுல நாலு என் கடையில வாங்குனது, நானே வந்து மாட்டிக் குடுத்தது. எங்க வீட்ல இருக்கிறதும் சேத்து.

இதை எழுதக் கை வர மாட்டேங்குது. என் பிள்ளை நாக்கு வறண்டு கெடந்ததுக்கு நான் பண்ண வேலையும் ஒரு காரணம்.

இன்னைக்குக் காலைல எங்க வீட்டு மோட்டாரைக் கழட்டிட்டேன். மத்த மூணு வீட்டுக்கும் போயி சொல்லிட்டேன், கழட்டுறதுக்குக் கூலி வேணாம், பதிலுக்குத் தரையோட சின்னதா ஒரு தொட்டி கட்டுங்க, குழாய்த் தண்ணி தானா அதுல விழட்டும், மோட்டாரைத் தொட்டியில போட்டு மாடிக்கு ஏத்துங்க, அதுல தப்பே இல்லன்னு. ரெண்டு பேரு சரின்னாங்க. ஒருத்தர் "நீதானப்பா மாட்டுன, இப்ப நீயே வந்து நியாயம் பேசுற"ன்னாரு. பேசத்தான் செய்யணும், வேற என்ன செய்ய.

ஜூலை 2

எங்க அப்பத்தாவுக்கு எண்பத்திநாலு வயசு, இந்தக் கூத்தெல்லாம் பாத்துட்டு ஊரணிக் கதை சொல்லுச்சு. அது கல்யாணமாகி வந்தப்ப ஊருக்கே ஒரே ஊரணி. செருப்போட கரையேறக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, குளிச்சா ஊர்க்கூட்டத்துல நிறுத்திருவாங்க, காவலுக்கு ஆள் உண்டு. கலங்கலா இருந்தா தேத்தாங்கொட்டைய மண்பானை உள்பக்கம் நாலு சுத்து தேச்சுட்டுத் தண்ணி ஊத்துவாங்க, விடியக்குள்ள வண்டல் அடியில படிஞ்சு மேல கண்ணாடி மாதிரி நிக்கும். நானும் செஞ்சு பாத்தேன், உண்மைதான். ஆனா கலங்கல் போறது வேற, கிருமி போறது வேற, அந்தக் காலத்துல காலரா வந்து வீடு வீடா எடுத்துட்டுப் போனதையும் அப்பத்தாவேதான் சொல்லுச்சு.

இப்ப அந்த ஊரணியில சீமைக்கருவேல் நிக்குது. ஊரணி நிறைஞ்சு நின்னா பக்கத்துக் கிணறு இனிக்கும்னு சொல்லுவாங்க, ஊறல் தண்ணி இறங்குறதுதான் காரணம். மதுரையிலயே இருக்கிற தானம் அறக்கட்டளை ஊரணி, கண்மாய் தூர்வாருறதுலதான் ரொம்ப வருசமா வேலை செய்றாங்க. எங்க ஊருக்கும் அது நடக்கணும்னு ஆசை.

ஜூலை 3

"குழாயே வேணாம், கேன் வாங்கிக்கோங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. எங்க ஊர் போர்த் தண்ணி சவருதான், கரைஞ்ச உப்பை அளக்குற என் டிடிஎஸ் மீட்டர்ல லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் காட்டுது. குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி 500க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லாத ஊருக்கு 2,000 வரைக்கும். அதனால கேன் வாங்குறவங்கள நான் குறை சொல்லல. ஆனா ஆர்ஓ தண்ணியில குளோரின் மிச்சமிருக்காது, கேன் உள்பக்கம் வழவழன்னு இருந்தா அந்தத் தண்ணியிலயும் கிருமி வளரும். உள்பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க. கூலிக்குப் போற வீட்ல தினம் கேனுக்குக் காசு குடுக்கச் சொல்றதும் எனக்குச் சரியாப் படல.

ஜூலை 20

சாக்கடைய தாண்டுற இடத்துல பழைய பைப்பை வெட்டிப் போட்டுட்டு ஒட்டு இல்லாம ஒரே துண்டா கருப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் விட்டு, அதுக்கு மேல இரும்புப் பைப்பை உறையா மாட்டி, சாக்கடைக்கு மேல ஒரு அடி உசரத்துல கொண்டு போயாச்சு. தெருவே காசு போட்டுச்சு. ஊராட்சியில இருந்து வால்வு ஒண்ணு குடுத்தாங்க.

ஆனா சாக்கடையில எப்படி இவ்வளவு மலம் வந்துச்சு? அதை யாரும் கேக்கல, நான் கேக்குறேன். எல்லார் வீட்லயும் கக்கூஸ் கட்டியாச்சு, 12,000 ரூவா மானியமும் வாங்கியாச்சு. குழி வெட்டுற எடத்துல கரிசல், தண்ணி உறிஞ்சாது, மழைக்குக் குழி பொங்கும். அதுக்குப் பயந்துக்கிட்டு செப்டிக் டேங்க்னு ஒரு சிமெண்ட் பொட்டி கட்டி, நிறைஞ்சு வழியிறதை ஒரு பைப்ல தெருச் சாக்கடைக்கு விட்டாச்சு. முன்ன கருவேலங்காட்ல இருந்தது இப்ப வாசலுக்கே வந்திருச்சு. கைக்குழந்தை பீ ஒண்ணும் செய்யாதுன்னு சாக்கடையில கொட்டுறதும் நடக்குது, அதுலயும் அதே கிருமிதான்.

பொம்பளைங்க இருட்டுக்குக் காத்துக்கிட்டுக் கெடந்த கொடுமை போச்சே, அதுக்கு இந்தக் கக்கூஸ் கட்டுனவங்களக் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்க அம்மா பகல்ல தண்ணி குடிக்காம இருந்தத நான் பாத்திருக்கேன். குறை கக்கூஸ்ல இல்ல, அந்த வழியிற பைப்ல.

ஆகஸ்ட் 15

கிராம சபையில பேசுனேன். மைக்ல பேசிப் பழக்கமில்ல, கருப்பாப் போன பாட்டிலைத் தூக்கிக் காட்டுனேன், அதுக்கு மேல பேச வேண்டியிருக்கல. வால் பக்கத்துக்குத் தனி வால்வு போட்டு முதல்ல திறக்கணும், நேரா மோட்டார் மாட்டக் கூடாதுன்னு தீர்மானம் எழுதுனாங்க. தொட்டி ஏணிக்கு ரெண்டு கம்பியும்.

செப்டம்பர் 8

எங்க வீட்ல கக்கூஸுக்கு ரெண்டு குழி போட்டுட்டேன். கேட்டவங்களுக்காக விவரமா. ஒரு குழி மூணடி அகலம், நாலடி ஆழம். செங்கலை இடைவெளி விட்டுத் தேன்கூடு மாதிரி அடுக்கணும், மேல ஒரு அடி இடைவெளி இல்லாம. அடியில சிமெண்ட் போடக் கூடாது. கரிசல்ல முக்கியம் என்னன்னா, செங்கலுக்கு வெளிப்பக்கம் சுத்திவர ஒரு அடிக்கு ஆத்து மணலோ பொடிஜல்லியோ கொட்டணும், அப்பத்தான் தண்ணி இறங்க இடம் கிடைக்கும். ரெண்டு குழிக்கும் நடுவுல ஒரு மீட்டர். கிணறு, போர் இருந்தா பத்து மீட்டராவது தள்ளணும், கரிசல் வெடிப்பு விடுற மண்ணுங்கிறதால நான் பதினஞ்சு தள்ளியிருக்கேன். குளிச்ச தண்ணி இதுல வரக் கூடாது, அது வாழைக்கு.

ஒரு குழி நிறைய அஞ்சாறு பேரு வீட்ல நாலஞ்சு வருசமாகும். அப்புறம் கக்கூஸ் பைப் ரெண்டு குழிக்கும் பிரியுற நடுச் சேம்பர்ல ஒரு பக்கத்தை அடைச்சு அடுத்த குழிக்குத் திருப்பி விட்டா, மூடுனது ஒன்றரை ரெண்டு வருசத்துல நாத்தமில்லாத எருவாயிரும், மம்பட்டியால அள்ளிக்கலாம். செப்டிக் டேங்க்ல மனுசன இறக்குற பாவம் இதுல இல்ல. பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்குறது 2013 சட்டப்படி குத்தம், அப்படியும் விசவாயுல ஆளுக செத்துக்கிட்டேதான் இருக்காங்க. டேங்க் இருக்கிறவங்க வழியிற பைப்பை சாக்கடையில இருந்து எடுத்து உறிஞ்சு குழிக்கு விட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

நவம்பர் 3

ஐப்பசி மழை நல்லாப் பிடிச்சிருச்சு. போன மழைக்கு சாக்கடை ரோட்டுக்கு ஏறுச்சு, பைப் அதுக்கு மேலதான் நின்னுச்சு, குடையோட போயிப் பாத்தேன். குழியும் பொங்கல. வழியிற பைப்பை எடுத்த வீடு இதுவரைக்கும் ஆறு.

முந்தாநாள் கடைசி வீட்லயும் எங்க வீட்லயும் திரும்ப பாட்டில் புடிச்சோம். ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் கலர் மாறல, குளோரின் பாத்ததுல லேசா மஞ்சள் ஏறுது. நியாயம் பேசுறன்னு சொன்னவர் வீட்ல இன்னும் மோட்டார் ஓடுது. அவரு பேத்திக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன், ரெண்டு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன், நாளைக்குத் தண்ணி விடுற நேரத்துக்குப் போகணும்.